முதல் பந்தி

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்டு என்னைச் சங்கடப்படுத்தாதீர்கள், ஒரு ராஜா புது மண்டபம் கட்டினார். தேர்த் திருவிழாவுக்குள் திறந்தே ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அதோடு விட்டாரா? மண்டபத்தைக் குறை சொல்கிறவனின் நாக்கை அறுப்பேன் என்று தண்டோராவும் போடச் சொல்லிவிட்டார்.

நடுத்தூணிலோ விரல் நுழையும் அளவுக்கு விரிசல். கட்டட வேலைக்குத் தலைவரான மழவரையருக்கு அது தெரியும். அவருக்குக் கீழே மேற்பார்வை பார்த்த இளநம்பிக்கும் தெரியும். இருவரும் 'குறையில்லை' என்று முத்திரை வைத்துவிட்டார்கள்.

அரண்மனை விகடகவி வெண்காடன் இளநம்பியைத் தனியே பிடித்தான்.

"தெரிஞ்சே ஏம்ப்பா முத்திரை வெச்சே?"

"பெரியவர் வெச்சுட்டார், அண்ணே. நான் வெக்கலைன்னா வேலை போயிடும். அவரைக் கேட்டா ராஜா உத்தரவுங்கிறார். எனக்கும் குடும்பம் இருக்கில்ல?"

"அந்தத் தூணுக்கு அடியில உக்காரப் போறவங்களுக்கும் இருக்கு, தம்பி."

இளநம்பி அழுதான். அழுதானே தவிர, ராஜாவிடம் போய்ச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. வெண்காடனுக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை. தானும்தான் விரிசலைப் பார்த்துவிட்டுப் பல நாளாக வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

வெண்காடன் என்றாலே மழவரையருக்கு ஆகாது. மறுநாள் சபையில் எழுந்து, "அரசே, மண்டபத்தின் பெருமையை விகடகவி எடுத்துரைக்கட்டும்" என்றார். புகழ்ந்தால் அவனும் கூட்டாளி. குறை சொன்னால் நாக்கு போகும்.

வெண்காடன் கைகூப்பினான். "அரசே, புகழ என் வார்த்தை போதாது. நம் நாட்டு வழக்கமே புகழட்டும். புதுக் கட்டடத்துக்கு முத்திரை வைத்தவர்கள்தாம் குடும்பத்தோடு முதல் பந்தியில் அமர வேண்டும். நடுத்தூணின் அடியில் இவர்களுக்கு இலை போட உத்தரவிடுங்கள்."

மழவரையர் முகத்தில் ஈயாடவில்லை. "அன்று எனக்கு விரதம், அரசே."

"உம் மனைவிக்கு?" என்றார் ராஜா.

"அவளுக்கும் விரதம்."

"பிள்ளைகளுக்கு?"

"அவர்கள் மாமன் வீட்டுக்குப் போகிறார்கள்."

இளநம்பி, யாரும் கேட்காமலே, தனக்குக் காய்ச்சல் என்றான். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாடா, ஜனங்கள் பிழைத்தார்கள் என்று வெண்காடன் மூச்சுவிட்டான்.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போகட்டும். கல் சுமந்த கூலியாட்களை அங்கே உட்கார வையுங்கள். அவர்கள் விரதம் இருக்கமாட்டார்கள்."

சபையே சிரித்தது. வெண்காடனுக்கு அப்போதுதான் உறைத்தது. ராஜாவுக்குப் புரியாமல் இல்லை, புரிந்துகொண்டுதான் சிரிக்கிறார். இனி யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

"அப்படியானால் அவர்கள் நடுவில் எனக்கும் ஓர் இலை போடச் சொல்லுங்கள், அரசே" என்றான்.

சிரிப்பு நின்றது. "உனக்கா? நீ போய்விட்டால் என்னை யார் சிரிக்க வைப்பது?" ராஜா சற்று யோசித்தார். "சரி, பந்தி வெளியே பந்தலில் நடக்கட்டும்" என்று மறுபடி சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். தூணை மாற்றச் சொல்லவில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

சபை கலைந்ததும் மழவரையர் பக்கத்தில் வந்தார். குரலில் கோபமே இல்லை.

"திருவிழா வருஷா வருஷம் வரும், வெண்காடா. நீ எத்தனை பந்தியில உக்காருவே?"

யாருக்கும் சட்டென்று பதில் கொடுக்கிற விகடகவி, மாலையும் கழுத்துமாக வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.