வானத்துக்கு மருந்தடித்த சவரிமுத்து

கொடைக்கானலில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பிளம்ஸ் மரம். கீழே விழும் பழத்தை அன்றன்றைக்கே பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுவோம். விட்டுவைத்தால் உள்ளே இருக்கும் புழு ஈயாகி அடுத்த மரத்துக்குக் கிளம்பிவிடும். சவரிமுத்து மட்டும் குனியவே மாட்டார். அவர் பக்கத்து வீட்டுப் பாக்கியமேரி ஜாம் போட்டு விற்றுப் பிழைப்பவள். அன்று காலை அவரைத் தேடிக் கூடையோடு நாங்கள் இருந்த டீக்கடைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, உங்க மரத்து ஈ வந்து என் காயெல்லாம் குத்திருச்சு. இப்படியே போனா இந்த வருசம் ஜாமே கிடையாது. வந்து பொறுக்குங்க."

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சவரிமுத்து டீயை ஆற்றினார்.

"என் மரத்துலயா பூச்சி? போன வருசம் அசுவினிப் பூச்சி அப்பி இலையெல்லாம் சுருண்டுபோச்சு. வெறும் சோப்புத்தண்ணிதான் அடிச்சேன். நுரை பொங்கி மலையே மறைஞ்சிருச்சு. மூடுபனின்னு நெனச்சு டூரிஸ்டெல்லாம் போட்டோ எடுத்துட்டுப் போனாங்க."

"அன்னைக்கு நல்ல குளிராச்சே?" என்றார் கடைக்காரர்.

"நுரை குளிராம என்ன செய்யும்? அப்புறம் தண்டுல ஒரு ஓட்டை. கம்பியை உள்ள விட்டா, புழு அந்த முனையைப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. மூணு நாள் இழுத்தேன். இப்ப வீட்டுல துணி காயப்போடுற கொடி அந்தப் புழுதான்."

"அது எங்க வீட்டு நைலான் கயிறு. மாசியில இரவல் வாங்குனீங்க" என்றாள் பாக்கியமேரி.

"காஞ்சுட்டா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அத விடு. மார்கழியில இலை கொட்டுனதும் நீல மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிச்சேன் பாரு, வேகம் தாங்காம மேல போயிருச்சு. வானத்துல தெரியுற நீலம் அந்த மருந்துதான்."

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்ய்யா. அதுக்கு முன்னாடி வானம் என்ன நிறம்?" என்றார் கடைக்காரர்.

"யாரு கண்டா? எப்பவும் மேகமாத்தான இருந்துச்சு."

பாக்கியமேரி கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துப் பிட்டாள்.

"இப்ப உங்க மரத்தடியில பொறுக்குனது."

உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது. சவரிமுத்து குனியாமலேயே அதை நிதானமாகப் பார்த்தார்.

"இது உங்க வீட்டுப் புழும்மா. என் மரத்தைப் பத்திக் கேள்விப்பட்டுப் பாக்க வந்திருக்கு."

அவள் கூடையை அவர் மடியில் வைத்தாள்.

"சரிண்ணே. வானம் வரைக்கும் மருந்தடிச்ச கைக்குத் தரை எட்டாமயா போயிரும்? எந்திரிங்க."