ஜெயசிங் சாரின் கேமராவால் எடுக்க முடியாத படம்

தூத்துக்குடி புகைப்பட நண்பர்கள் மாதம் ஒரு மாலை கூடி, எடுத்த படங்களைத் திரையில் போட்டு அலசுவார்கள். அன்றைய விருந்தினர் ஜெயசிங் தன் பழைய ஃபிலிம் கேமராவில், பேச்சுக்கு நடுநடுவே கூட்டத்தைப் படமெடுத்துக்கொண்டே இருந்தார்.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ரெஜினாவின் படம் திரைக்கு வந்தது. கடலில் குட்டிக்கரணம் அடிக்கும் பையன்கள். ஜெயசிங் சரி என்றால் குழு நடத்தும் கண்காட்சியில் அதற்கு இடம்.

"செல்போன்ல எடுத்ததா? தள்ளு. என் கேமராவால எடுக்க முடியாத ஒரு படத்தை இப்பவே இந்த ஹால்ல எடும்மா. இடம் தாரேன்."

"சரி சார். நீங்க படம் எடுக்கிற மாதிரி நில்லுங்க."

ஜெயசிங் கேமராவைக் கம்பீரமாகக் கண்ணில் வைத்தார். ரெஜினா செல்போனில் எடுத்துத் திரையில் போட்டாள். ஹாலே சிரித்தது. கேமராவின் லென்ஸ் மேல் மூடி அப்படியே இருந்தது! அந்த வகைக் கேமராவில் எட்டிப்பார்க்கும் கண்ணாடி தனி. லென்ஸ் மூடியிருப்பது எடுப்பவருக்குத் தெரியாது.

ஜெயசிங் தொண்டையைச் செருமினார். "படத்துல வெளிச்சம் கொஞ்சம் குறைவு."

"உங்க ஃபிலிம்ல இன்னும் குறைவு சார்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கண்காட்சியில் ரெஜினாவின் படங்கள் இரண்டும் இருந்தன. இரண்டாவதன் முன் நின்று ஜெயசிங் செல்ஃபி எடுத்துக்கொண்டார். செல்போனில்தான்.