பள்ளத்தில் விட்ட யானை

“இதுல எதை முதல்ல எழுதினா காலேஜ்ல எடுத்துப்பாங்க, சார்?”

கேட்டவள் மதுவந்தி. பதினோராம் வகுப்பு. வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். அங்கே மதிப்பெண் மட்டும் போதாது. படிப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்றும் கேட்பார்கள்.

பெனடிக்ட் சார் வேதியியல் ஆசிரியர். தூத்துக்குடியில் அவள் படிக்கிற பள்ளியிலிருந்து வெளிநாடு போக நினைக்கிற பிள்ளைகளெல்லாம் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். அவர் ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். கீபோர்டு, பேச்சுப் போட்டி, ரோபோ வகுப்பு. சனிக்கிழமை டென்னிஸ். இன்னும் ஒன்று சேர்ந்தால் நல்லது என்று அம்மா சொல்கிறாராம்.

சார் குழாயை மூடினார்.

“நீ போகலைன்னா உன்னை எங்க தேடுவாங்க?”

அவள் யோசித்தாள். பேச்சுப் போட்டிக்கு வேறொருத்தி தயாராக இருந்தாள். மற்ற இடங்களில் அவள் வராததையே யாரும் கவனிக்க மாட்டார்கள்.

தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னாள். உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்ச நாள் கதை சொல்லியிருக்கிறாள். சமூகப் பணி என்று எழுத அது போதும் என்று தோன்றியதும், புகைப்படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“அது முடிஞ்சுபோச்சு சார்.”

“முடிச்சியா, விட்டியா?”



சார் ஒரு குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “போய்ப் பாத்துட்டு வா” என்றார்.

சனிக்கிழமை டென்னிஸுக்குப் போகாமல் குடியிருப்புக்குச் சைக்கிளில் போனாள். பாவம், காத்திருந்து ஏமாந்திருப்பார்கள். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

சமுதாயக் கூடத்தில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் செல்வராணி என்கிற வாண்டு கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

யாரும் வாசலைப் பார்க்கவில்லை.

மதுவந்தி செருப்பைக் கழற்றிய சத்தத்தில் ஒரு பையன் திரும்பினான்.

“அக்கா, நீங்க யானையைப் பள்ளத்துல விட்டுட்டுப் போயிட்டீங்க. நாங்கதான் தூக்கினோம்.”

வாரம் ஒருத்தராகக் கதையை வளர்த்திருக்கிறார்கள். பள்ளத்திலிருந்து ஏறிய யானை தோணி பிடித்துக் கொழும்புக்குப் போய், அங்கே கருவாட்டுக் கடை வைத்திருந்தது.

மதுவந்தி பழக்கத்தில் நடுவே போய் நின்றாள்.

“இன்னைக்கு என் முறை. நீங்க அங்க உக்காருங்க” என்றாள் செல்வராணி.

பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முதலில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பிறகு, கருவாட்டுக் கடைக்குள் போலீஸ் நுழைந்தபோது, பக்கத்திலிருந்த குழந்தையின் கையை தன்னை அறியாமலே பிடித்துக்கொண்டாள். போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை சார் கேட்டார், எதை முதலில் எழுதப் போகிறாய் என்று.

“இன்னும் தெரியலை சார். டென்னிஸுக்கு வர மாட்டேன்னு மட்டும் சொல்லிட்டேன்.”

“ஏன்?”

“சனிக்கிழமை யானைக்குக் கல்யாணம். பொண்ணு யாருன்னு நான்தான் சொல்லணுமாம்.”