வாய் ஓயாத கெர்னல்

"ஒரு மெஷின் எவ்வளவுங்க மேடம் பேசணும்?"

குழந்தைவேலு இதைக் கேட்டபோது பியூலா தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே, காய்கறிப் பையோடு, ஓடாத லிஃப்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எந்த மெஷின்?"

"நம்ம மெஷின்தானுங்க."

நம்ம மெஷின் என்றால் சுவாசக் கருவி. தானாக மூச்சுவிட முடியாதவர்களுக்கு மூச்சு கொடுப்பது. கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி அதைச் செய்துவந்தது. அந்தக் கருவிக்குள் எல்லா நிரல்களுக்கும் அடியில் இருந்து அவற்றை ஓட்டுகிற கெர்னலை முதலில் எழுதியவர் பியூலா. அவர் வேலையை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது அது குழந்தைவேலுவின் கையில்.

வயதில் குழந்தைவேலுதான் மூத்தவர். ஆனாலும் சிக்கல் என்று வந்தால் இங்கேதான் வந்து நிற்பார். பியூலா பெரும்பாலும் பதில் சொல்லமாட்டார். ஏதாவது வேலை வைப்பார்.

"கண்ணு ஏன் சார் இப்படி உள்ள போயிருக்கு?"

"தூங்கலீங்க."

"சொல்லுங்க."

"தை மாசம் ஒரு ஆஸ்பத்திரியில மெஷின் நின்னுபோச்சு. நர்ஸம்மா காத்துப் பையைக் கையால அமுக்கி அமுக்கி அந்த ஆளைக் காப்பாத்திட்டாங்க. மெஷினைக் கொண்டாந்து பிரிச்சுப் பார்த்தேன். ஏன் நின்னுச்சுன்னு ஒரு வரி இல்லீங்க. ஊமையாட்டம் கிடந்துச்சு."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"கெர்னல்ல மூலைமுடுக்கெல்லாம், நடக்கறதைக் குறிச்சுவைக்கற லாக் போட்டுட்டேன். வால்வு திறந்தா ஒரு வரி, மூடுனா ஒரு வரி. அழுத்தம் ஏறினாலும் எழுதணும், இறங்கினாலும் எழுதணும். எது நடந்தாலும் அந்த நிமிஷமே கேபிள் வழியா வெளிய சொல்லிடணும்னு."

"அப்புறம்?"

குழந்தைவேலு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார்.

"முந்தாநேத்து வேற ஒரு ஆஸ்பத்திரி. சின்னப் பொண்ணுங்க. மெஷின் நிக்கல, ஆனா மூச்சு லேட்டா வந்திருக்கு. எழுதி முடிக்கற வரைக்கும் கெர்னல் வேற வேலையைத் தொடல. வால்வைத் திறக்கப் போறேன், திறக்கப் போறேன்னு எழுதிட்டு, வால்வைத் திறக்காம உக்காந்திருந்திருக்குது."

"அந்தப் பொண்ணு?"

"நல்லா இருக்குதுங்க. அவங்கம்மா பார்த்துட்டுக் கத்தியிருக்காங்க, நர்ஸுங்க ஓடி வந்துட்டாங்க. நேத்து அந்தம்மாகிட்ட போன்ல பேசினேன். ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. என்னத்தச் சொல்றது?"

பியூலா காய்கறிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"முதலாளி எல்லா லாக்கையும் எடுத்துடுன்றார். எடுத்தா மறுபடியும் ஊமை. டாக்டருங்க எடுக்கவே கூடாதுன்றாங்க. நாளைக்கு நான் முடிவு சொல்லணும். ஒரு அளவு சொல்லுங்க மேடம். பாதியோ, கால்வாசியோ. யோசிக்கறதுக்கு எனக்குத் தெம்பில்லீங்க."

பியூலா காய்கறிப் பையை அவரிடம் நீட்டினார்.

"நாலாவது மாடி. படியிலதான் போகணும். ஏறும்போது ஒவ்வொரு மூச்சையும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே வாங்க. உள்ள போனா 'இழுக்கறேன்'. வெளிய வந்தா 'விடறேன்'. ஒண்ணுகூடத் தப்பக் கூடாது."

"நான் விளையாட வரலீங்க மேடம்."

"நானும் விளையாடல சார்."

குழந்தைவேலு பையை வாங்கிக்கொண்டார். மறுத்துப் பேசுவதைவிட ஏறிவிடுவது சுலபமாகத் தோன்றியது.

"இழுக்கறேன். விடறேன். இழுக்கறேன்."

எதிரே இறங்கி வந்த ஒரு பெண் சுவரோடு ஒதுங்கி, இவரையும் பியூலாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

முதல் மாடிவரை சமாளித்தார். அதற்குமேல் சொல் ஒரு பக்கமும் மூச்சு ஒரு பக்கமும் போயின. விட வேண்டிய நேரத்தில் 'இழுக்கறேன்' என்றார். இழுக்க வேண்டிய நேரத்தில் நாக்கு இன்னும் முந்தைய மூச்சைச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்துபோய், படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"இழுக்கறேன்னு..." அவருக்கு இருமல் வந்தது. "இழுக்கறேன்னு சொல்றதுக்குள்ளயே இழுத்தது தீர்ந்துபோயிடுதுங்க."



மூச்சு மெல்லத் தணிந்தது. குழந்தைவேலு தலையை ஆட்டினார்.

"சரிங்க. அப்ப முதலாளி சொல்றதுதான் சரி. எல்லாத்தையும் எடுத்துடறேன்."

குரலில் நிம்மதி இல்லை. பாரத்தை எங்கேயாவது இறக்கினால் போதும் என்பதுபோல் இருந்தது.

"மிச்சத்தை வாயைத் திறக்காம ஏறுங்க" என்றார் பியூலா. "என்ன ஆனாலும் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

குழந்தைவேலு எழுந்தார். ஏறினார்கள். பியூலா முன்னால், அவர் பின்னால்.

செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

மூன்றாவது மாடி தாண்டியதும் குழந்தைவேலு நின்றுவிட்டார். பியூலாவுக்கு அது தெரியவில்லை. அவர்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார். அவருடைய முதுகு அடுத்த வளைவில் மறையப் போனது.

"மேடம்!"

பியூலா திரும்பினார். "பேசக் கூடாதுன்னேனே?"

"முட்டிங்க! காலை ஊன முடியல. இதைக்கூடச் சொல்லலைன்னா நீங்க மேல போயிருப்பீங்க, நான் இங்கயே கிடப்பேன்." குழந்தைவேலுவுக்குக் கோபம் வந்துவிட்டது. வெகுநாளைக்கு அப்புறம் வந்த கோபம்.

பியூலா இறங்கி வந்தார். பையை வாங்கிக் கீழே வைத்தார். அவரைக் கைத்தாங்கலாகப் படியில் உட்காரவைத்து, பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தார்.

"எங்க ஆரம்பிச்சது?"

"கீழ உக்காந்து எந்திரிச்சேனே, அப்பவே சொடக்குன்னு ஒரு சத்தம். ரெண்டு படி ஏறினதும் பையை இந்தக் கைக்கு மாத்தினேன், சுருக்குன்னுச்சு. பூந்தொட்டி வெச்ச வீட்டுக்கிட்ட வந்தப்ப கனம் பூராவும் இடது காலுக்குக் கொடுத்துட்டேன். அதுக்கப்புறம் கைப்பிடியைப் பிடிச்சுத்தான் வந்தேன். கடைசியா இந்தப் படி. மடங்கிருச்சு."

"இவ்வளவும் ஞாபகத்துல இருந்ததா?"

"இல்லாம என்னங்க?"

"அப்பப்பவே ஏன் சொல்லல? நான் பேசக் கூடாதுன்னதாலயா?"

"அதுக்கில்லீங்க." குழந்தைவேலு முழங்காலை நீவிக்கொண்டே சலிப்போடு சொன்னார். "அப்ப நான் ஏறிக்கிட்டில்ல இருந்தேன்."

நீவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "அப்ப மெஷினும் ஓடறப்ப எல்லாத்தையும் ஞாபகத்துல மட்டும் வெச்சுக்கிட்டு, முடியாமப் போறப்ப மட்டும் கத்தி, மிச்சத்தை நின்னப்புறம் சொன்னாப் போதுமுங்களே!"