பாட்டிலில் இருந்த ரோடியம்

தங்கமாரியப்பனுக்கு வயது ஐம்பது. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, விடுமுறை நாட்களில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வும் செய்துவந்தார். அவருடைய வழிகாட்டி பர்வீனுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவர் இவரை 'சார்' என்பார். இவர் அவரை 'மேடம்' என்பார். யார் குரு, யார் சீடர் என்று தெரியாமல் புதிதாக வருபவர்கள் விழிப்பார்கள்.

ஆய்வு இதுதான். கீழே தண்ணீர், மேலே எண்ணெய். தண்ணீருக்குள் ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகம். அது எண்ணெயோடு போய்விடாமல் பிடித்துக்கொள்ள, நீரில் கரையும் பாஸ்பீன் என்ற வெள்ளைத் தூள். எண்ணெயில் இருக்கும் பொருள் ரோடியத்தைத் தொட்டு, ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு, வேறொன்றாக மாறித் திரும்ப வேண்டும்.

முதல் தடவை எண்ணெயில் லேசாக மஞ்சள் தெரிந்தது. ரோடியம் கசிகிறது! அடுத்த தடவை தங்கமாரியப்பன் பாஸ்பீனை அள்ளிப் போட்டார். அதற்கடுத்த தடவை இன்னும் அள்ளினார்.

இப்போது எண்ணெய் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் ஹைட்ரஜனின் அழுத்தத்தைக் காட்டும் முள் இம்மியும் இறங்கவில்லை.

"ஒரு பொட்டுகூட வெளிய போகலை மேடம். ஆனா வேலையும் நடக்க மாட்டேங்குது."

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா சார்?" என்றார் பர்வீன்.

தங்கமாரியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "பொண்ணுக்குப் புனேயில வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணும். அவ்வளவு தூரம் வேண்டாம், எங்க காலேஜ்லயே பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன். ஒரு மாசமா வீட்லதான் இருக்கா. ரூமை விட்டு வர்றதில்ல. நான் போன் பண்ணாலும் எடுக்கறதில்ல."

பர்வீன் புதிய கலனை எடுத்தார். ரோடியத்தைப் போட்டார். பாஸ்பீனில் கரண்டி நுனியால் கொஞ்சம் எடுத்துத் தட்டிவிட்டு, மூடியைத் திருகி ஹைட்ரஜனை ஏற்றினார்.

"அவ்வளவுதானா?" பதறினார் தங்கமாரியப்பன்.

"டீ குடிச்சிட்டு வருவோம் சார்."

திரும்பி வந்தபோது முள் இறங்கிக்கொண்டிருந்தது. சந்தோஷப்படவேண்டிய மனிதர் கவலையோடு கேட்டார்:

"பிடி தளர்ந்தா கொஞ்சம் போயிடுமே மேடம்?"

"தளர்ந்தாத்தான் சார் அதுக்கு இன்னொண்ணைத் தொட இடம் கிடைக்கும். வேலை முடிஞ்சா பெரும்பாலும் தண்ணிக்கே வந்துடும்."

"வராமப் போனா?"

பர்வீன் அலமாரியில் இருந்த ரோடியம் பாட்டிலைக் காட்டினார். "பத்திரமா இருக்கணும்னா, அந்தப் பாட்டில்லயே இருந்ததே சார். நீங்கதானே வெளிய எடுத்தீங்க?"

தங்கமாரியப்பன் வெகுநேரம் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்து, 'புனேக்குப் போம்மா, நானே வந்து ரயிலேத்தி விடறேன்' என்று மகளுக்கு ஒரு செய்தி அனுப்பினார்.

உடனே போன் அடித்தது. மகள்தான். "அப்பா!" என்றாள், ஒரு மாதத்துக்குப் பிறகு.