முதல் சொம்பு மூதேவிக்கு

ரொம்ப காலத்துக்கு முன்னால் மஞ்சாடிபுரத்தை அதிரவர்மர் என்று ஒரு ராஜா ஆண்டார். நல்ல மனுஷர்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் நினைத்தது நினைத்த நேரத்தில் நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் அன்றைக்கு அரண்மனையில் யாருக்கும் சோறு இறங்காது.

போரில் ஜெயித்து வந்த கையோடு ராஜா கேட்டார்: "நாளைக்கு விருந்து. சாராயம் எவ்வளவு இருக்கு?"

"பத்துக் குடம், மகாராஜா. பட்டையும் வெல்லமும் போட்ட ஊறல் அவ்வளவுக்குத்தான் பதமாயிருக்கு" என்றாள் வேம்பாயி. அரண்மனைக்குச் சாராயம் வடிப்பவள் அவள்தான்.

"இருபது குடம் வேணும்!"

"நாளைக்குள்ள ஆகாது, மகாராஜா" என்றார் மந்திரி திருவிடையார்.

உடனே சரக்கறை அதிகாரி சிங்கராயர் முன்னால் குதித்தார். மந்திரி 'ஆகாது' என்றால் இவர் 'ஆகும்' என்பார். அப்படி ஒரு பொறாமை! "ஆகும் மகாராஜா, நான் பார்த்துக்கறேன்" என்றார்.

மறுநாள் இருபது குடம் வந்தே விட்டது. வடித்த வேம்பாயிக்கே ஆச்சரியம். ராஜா மாலை மரியாதையில் நேரத்தைக் கழித்துவிட்டு விருந்துக்கு வருவதற்குள், முதலில் குடித்த யானைப்பாகன் மாசிலான் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். பொழுது விடிந்தபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏன் இன்னும் விளக்கு ஏத்தலே?"

ஐயோ பாவம், வெயில் அவன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

ராஜாவுக்கு ரத்தம் கொதித்தது. சிங்கராயர் காதில் ஓதினார்: "எல்லாம் இந்த வேம்பாயி செஞ்ச வேலை. சாராயம் வடிக்கிற வாலையில் வரும் முதல் சொம்பை மூதேவிக்கு என்று மண்ணில் ஊத்தணும். இவ ஊத்தலே. நஞ்சு அதிலேதானே இருக்கு!"

"ஊத்தினேன் சாமி! என் கையால ஊத்தினேன்!" என்று கதறினாள் வேம்பாயி.

"பொய்! இவளைக் கட்டி வைங்க. சாயங்காலம் யானைக்காலில் இடுங்க" என்றார் ராஜா. கோபம் போதாதென்று இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "என் தேருக்கும் இன்னும் மெருகு போடலியாம். இந்த அரண்மனையில் ஒரு வேலை உருப்படியா நடக்குதா?"

திருவிடையார் நிமிர்ந்து பார்த்தார். தேருக்கு மெருகு போடவில்லையா?

நேரே தேர்க்கொட்டகைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வரும்போது ஒரு வாலையையும், விருந்தில் மிஞ்சிய சாராயத்தையும், ஒரு பிடி ஓமத்தையும் கொண்டுவந்து சபை நடுவே வைத்தார்.

"இது என்னய்யா, பானைக்கு மூக்கு முளைச்சிருக்கு?" என்றார் ராஜா. வாலையை அவர் கண்டதே இல்லை. கோபம் பாதி அங்கேயே போய்விட்டது.

"ஆவி அந்த மூக்கு வழியாத்தான் வரும் மகாராஜா. குளிர்ந்ததும் சொட்டும்." மந்திரி தண்ணீரில் ஓமத்தைப் போட்டு அடுப்பை மூட்டினார். "சிங்கராயரே, முன்னால் வருவதை ஊத்திவிட்டால் ஓம வாசனை போய்விடுமா?"

"பேஷாப் போகும்!"

முதல் சொம்பை ஊற்றினார் சிங்கராயர். இரண்டாவதில் ராஜா மூக்கை வைத்து உறிஞ்சினார். "ஓமம் மணக்குதே!" அதையும் ஊற்றினார்கள். மூன்றாவதிலும் ஓமம். ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி அடுப்பு பக்கத்திலேயே குந்திக்கொண்டார். "இன்னொண்ணு பிடி... அட, இதிலேயும் மணக்குது! ஏன் மந்திரி?"

"சேர்ந்து கிடந்தது சேர்ந்தேதான் வரும் மகாராஜா. கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். 'நான் முதல் சொம்பிலேயே மொத்தமா வந்துடறேன்' என்று எந்தச் சரக்கும் சத்தியம் பண்ணலே."

"ஓமம் வேற, சாராயம் வேற!" என்று கத்தினார் சிங்கராயர்.

"நல்லதாப் போச்சு. இதோ விருந்துச் சாராயம். நீங்களே திரும்ப வடிங்க. நீங்களே முதல் சொம்பை ஊத்துங்க. அடுத்த சொம்பை நீங்களே குடிங்க. வேம்பாயி ஊத்தாததுதானே குத்தம்?"

சிங்கராயர் வடித்தார். முதல் சொம்பை ஊற்றினார். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவதையும் ஊற்றினார். மூன்றாவதையும் சாய்க்கப் போனார்.

"யோவ், மூதேவி எவ்வளவய்யா குடிப்பா?" என்றார் ராஜா. "இப்போ நீ குடி!"

சொம்பு உதடு வரை போனது. அதற்கு மேல் போகவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த மாசிலான் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னான்: "வேண்டாங்க ஐயா, குடிக்காதீங்க. வேம்பாயி வடிச்சதை எத்தனையோ வருஷமாக் குடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆனதில்லே. இதிலே வேற ஏதோ இருக்கு."

சொம்பைப் போட்டுவிட்டு ராஜா காலில் விழுந்தார் சிங்கராயர். "தேர் மெருகுக்கு வெச்சிருந்த, மரக்கட்டையிலேர்ந்து வடிச்ச மரச்சாராயத்தை இவளுக்குத் தெரியாம ஊறலில் கலந்துட்டேன் மகாராஜா! முதல் சொம்போட அதன் நஞ்சு போயிடும்னு மெய்யாவே நம்பினேன்!"

"நம்பினவர் ஏன் குடிக்கலே?" என்றார் திருவிடையார். "கொட்டகையில் மெருகுச் சரக்கு வெச்ச குடங்கள் காலி, தேர் மட்டும் மங்கிக் கிடந்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது. மரச்சாராயம், நல்ல சாராயம் ரெண்டும் ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே வாசனை. வாலைக்கே பிரிக்கத் தெரியாதபோது நாக்கு எங்கே கண்டுபிடிக்கும்?"

ராஜா வேம்பாயியின் கட்டைத் தம் கையாலேயே அவிழ்த்தார். "தெரியாமல் தண்டிக்கப் பார்த்தேன் தாயே" என்று தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவளுக்குப் போட்டார். பிறகு சிங்கராயரிடம் திரும்பினார்: "உன் பதவி போச்சு. இனி மாசிலானுக்குக் கண் நீதான். அவன் போகிற இடமெல்லாம் கையைப் பிடிச்சுக் கூட்டிப்போ. மந்திரி, உமக்கு என்ன பரிசு வேணும்?"

"ஒரு கேள்வி கேட்க அனுமதி வேணும், மகாராஜா."

"கேளும்."

"மாசிலானுக்கு ஒரு கையை சிங்கராயர் பிடிப்பார். இன்னொரு கையை யார் பிடிக்கிறது? பத்துக் குடத்தை இருபதாக்கச் சொன்னது அவர் இல்லையே."

அதிரவர்மர் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் மாசிலானின் மறு கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருங்க இது?" என்றான் மாசிலான்.

"நான்தாம்ப்பா. வா, உன் யானைகிட்டே போகலாம்" என்றார் ராஜா.