மோட்டார் இல்லாத கடைசல் எந்திரம்

“அம்மா, இந்தச் சவத்து எந்திரம் ஓடாது. நானும் தேற மாட்டேன்.”

கொம்பையா மடத்துக்கு வந்ததும் வராததுமாக இப்படிச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

உலகம்மை தயிர் கடைந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“இன்னைக்கு எது இல்லையாம் அண்ணாச்சி?”

“மோட்டார்.”

“போன வாரம்?”

“போன வாரம் பின்முனையைத் திருகுற சக்கரம் இல்ல. அது கிடைச்சிட்டு. அதுக்கு முன்னால உளியைச் சாய்ச்சு வைக்கிற தாங்கி இல்ல. அதுவும் கிடைச்சிட்டு.”

“அப்போ நல்லதுதானே.”

“என்னத்த நல்லது?” என்றார் கொம்பையா.

மடம் என்றதும் கோபுரமும் யானையும் நினைத்துவிடாதீர்கள். ஆற்றங்கரையில் ஒரு இலவந்தோப்பு. அதற்குள் ஓடு போட்ட ஒரு கூடம், பக்கத்தில் மாட்டுக்கொட்டகை. அவ்வளவுதான் மடம். உலகம்மைக்கு நாற்பது வயசுகூட இருக்காது. கொம்பையா அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிறவர். ஆனாலும் குரு அந்த அம்மாதான், சிஷ்யர் இவர்தான். சனிக்கிழமை தவறாமல் வருவார். கூடத்தைப் பெருக்குவார். ஒரு கேள்வி கேட்பார். பதில் கிடைத்தால் வாங்கிக்கொண்டு போவார். கிடைக்காவிட்டால் மோர் குடித்துவிட்டுப் போவார்.

இன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை வரைக்கும் மனுஷனுக்குப் பொறுக்கவில்லை.

பங்குனி வெயில். இலவங்காய் வெடித்துத் தோப்பு முழுக்கப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. விழவும் மனசில்லாமல், போகவும் மனசில்லாமல், அது பாட்டுக்கு மிதந்தது. மத்து சுழலும் சத்தமும் ஆற்றுச் சத்தமும் ஒன்றாகிக் கேட்டன. அங்கே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தால் யாருக்கும் கண் சொக்கிவிடும்.

கொம்பையாவுக்குச் சொக்கவில்லை.

“நாளைக்கு என் மச்சினன் வேன் எடுத்துட்டு வாரான்மா. அவளைக் கூட்டிட்டுப் போகப் போறான்.”

உலகம்மையின் கை நின்றது.

“யாரை? ஆவுடை அக்காவையா?”

“ஆமா.”

ஆவுடைத்தங்கம் கொம்பையாவின் மனைவி. சர்க்கரைப் புண் ஆறாமல், அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். கேட்டால் பதில் சொல்வாள், கொடுத்தால் சாப்பிடுவாள். ஊரையே கட்டி மேய்த்த வாய் அது. இப்போது அந்த வீட்டில் மிளகாய் தாளிக்கிற சத்தம்கூடப் பெரிய சத்தம்.

கொம்பையா வாழ்நாளெல்லாம் லோடு லாரி ஓட்டினவர். லாரி ஏறினால் திரும்பி வர நாளாகும். வீட்டிலேயே ஒரு தொழில் இருந்தால் அவள் பக்கத்திலேயே கிடக்கலாம் என்று நினைத்தார். இளவட்டமாக இருந்தபோது ஒரு கடைசல் பட்டறையில் உளி பிடித்த பழக்கம் உண்டு. அதை நம்பி, பழைய இரும்புக் கடையில் கிடந்த மரக்கடைசல் எந்திரம் ஒன்றை வாங்கினார். கட்டில் கால், தொட்டில் குமிழ், பூரிக்கட்டை, எதையும் அதில் கடையலாம்.

வாங்கும்போதே அது பாதி எந்திரம். ஓடாத ஒன்றை அவள் கண் முன்னால் வைப்பானேன் என்று மடத்துக் கொட்டகையில் போட்டுவைத்து, இல்லாத உறுப்புகளைத் தேடி அலைந்தார். லாரியின் வில்பட்டையில் ஒரு துண்டை வெட்டித் தாங்கி செய்தார். பம்புசெட் வால்வில் இருந்த சக்கரத்தைக் கழற்றிப் பின்முனைக்கு மாட்டினார். எல்லாம் பொருந்தியது. அவருக்கு மட்டும் திருப்தி வரவில்லை.

“பொருந்துதும்மா. ஆனா அதோடது இல்லையே.”

“உங்க லாரிக்கு டயர் மாத்தினதே இல்லையா அண்ணாச்சி?”

“கிண்டல் பண்ணாதீங்கம்மா. மோட்டார் அப்படி இல்ல. வேற மோட்டார் போட்டுப் பார்த்தேன்ல? என்ன ஆச்சு?”

என்ன ஆனது என்று தோப்புக்கே தெரியும். இரவல் மோட்டார் போட்ட வேகத்தில், மாட்டியிருந்த கட்டை பிய்த்துக்கொண்டு பறந்து கொட்டகைச் சுவரில் போய் மோதியது. மிரண்ட மாடு ஆற்றைத் தாண்டி ஓடியது. பிடித்துக்கொண்டு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

“அந்த எந்திரத்தோட மோட்டார்தான் வேணும். கோயம்புத்தூருக்கே போன் போட்டேன். அது இப்ப வர்றதில்லையாம். தேடிப் பார்க்கோம், சித்திரை கழியட்டும்ங்கான் கடைக்காரன். அதுக்குள்ள அவ போயிருவாம்மா. எந்திரம் மட்டும் ஓடியிருந்தா நான் அவளை நிப்பாட்டியிருப்பேன்.”

“எந்திரம் ஓடலைன்னா போறேன்னு சொல்றாங்க?”

“அவ எங்க அப்படிச் சொன்னா?”

“என்ன சொன்னாங்க?”

கொம்பையா ஆற்றைப் பார்த்தார்.

“‘நான் இங்க கிடந்து யாருக்கு என்ன ஆகப்போகுது? ஒரு செம்பு தண்ணிக்கும் உங்களைக் கூப்பிட வேண்டியிருக்கு. தம்பி வீட்டுல போய்க் கிடக்கேன்’னா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மோட்டார் வந்துரட்டும்னு சொன்னேன்.”

உலகம்மை சிரிப்பார் என்று நினைத்தார். சிரிக்கவில்லை. எழுந்து, மத்தில் சுற்றியிருந்த கயிற்றை உருவினார். வெண்ணெய் பாதி திரண்ட நிலையில் பானை அப்படியே கிடந்தது.

“வாங்க.”

கொட்டகையில் எந்திரத்தின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு வேம்புக் கட்டையை மாட்டச் சொன்னார். கொம்பையா மாட்டினார். கட்டையின் ஒரு ஓரத்தில் உலகம்மை மத்துக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றினார். எதிர்ப்பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கயிற்றின் இரண்டு நுனிகளையும் இரண்டு கையில் பிடித்தார்.

“உளியை எடுங்க.”

“அம்மா, இது என்ன விளையாட்டு?”

“எடுங்கன்னா எடுங்க.”

வலக்கை இழுத்தது. கட்டை கொம்பையாவின் பக்கம் சுழன்றது. இடக்கை இழுத்தது. கட்டை வந்த வழியே திரும்பிச் சுழன்றது. கொம்பையா உளியை வைத்து அமுக்கினார். உளி துள்ளிக் கையை விட்டு எகிறியது.

“போகும்போது ஏன் அமுக்குறீங்க?”

“மோட்டார்னா ஒரே பக்கமா ஓடும்மா. இது வருது, போகுது. நான் என்ன செய்ய?”

“வரும்போது தொடுங்க. போகும்போது கையை எடுங்க.”

“எப்ப வரும், எப்ப போகும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“கயிறு என் கையிலதானே இருக்கு? என்னைப் பாருங்க.”

பார்த்தார். முதலில் கையைப் பார்த்தார். தப்பியது. பிறகு தோளைப் பார்த்தார். அப்போதும் தப்பியது. அப்புறம் எதையும் பார்க்கவில்லை, கயிற்றுச் சத்தத்தை மட்டும் கேட்டார். உளி தொட்டது. சுருள் ஒன்று மெல்லப் புரண்டு விழுந்தது.

தொட்டார். எடுத்தார். தொட்டார். எடுத்தார்.

கட்டை இருந்த இடத்தில் கட்டை தெரியவில்லை, மங்கலாக ஒரு நிழல்தான் தெரிந்தது. அந்த நிழலுக்குள்ளிருந்து வேம்பு வாசனை வந்தது. பஞ்சு ஒன்று மிதந்து வந்து அவர் இமையில் உட்கார்ந்தது. தட்டிவிடத் தோன்றவில்லை. தோப்பும் ஆறும் கொட்டகையும் சேர்ந்து இந்தப் பக்கம் வந்துவிட்டு அந்தப் பக்கம் போவதுபோல் இருந்தது. மாடு அசை போட்டது. எவ்வளவு நேரம் போனதென்று சொல்ல ஆளில்லை.

கயிறு நின்றபோது கொம்பையா தூக்கத்திலிருந்து எழுந்தவர் மாதிரி முழித்தார். கட்டையில் ஒரு குமிழ் உருண்டு நின்றது. தடவிப் பார்த்தார். மேடு பள்ளம் இல்லை.

“ஆத்தாடி!” என்றார்.

உடனே முகம் தொங்கிவிட்டது.

“இப்ப என்ன அண்ணாச்சி?”

“நாளைக்கு யார் இழுப்பா? நீங்க வருவீங்களா?”

“எனக்குத் தயிர் கடையணும்.”

“அப்போ ஒரு ஆள் வேணுமே. மோட்டாருக்கு அலைஞ்சேன். இனி ஆளுக்கு அலையணும்.”

“எப்படிப்பட்ட ஆள் வேணும்?”

கொம்பையா யோசித்தார். உளியைத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“கை உரமா இருக்கணும். அவசரப்படக் கூடாது. நான் மூச்சை இழுத்தா உளி வைக்கப் போறேன்னு தெரியணும். இப்ப நிறுத்துன்னு வாயால சொல்லக் கூடாது, அதுவாத் தெரியணும். ரொம்ப நாள் பழகின ஆளா இருந்தாத்தான் அது வரும்மா. கூலிக்கு வர்றவனுக்கு வராது.”

“நிக்கணுமா?”

“நிக்க என்னத்துக்கு? நீங்க இப்ப உக்காந்துதானே...”

துடைப்பதை நிறுத்திவிட்டார். உளி கையிலேயே இருந்தது. உலகம்மை எழுந்து, மடியில் விழுந்திருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு பானைப் பக்கம் நடந்தார்.

“அம்மா, உங்க கயிறு!”

“எடுத்துட்டுப் போங்க. நான் வேற திரிச்சுக்கிடுதேன்.”

அன்று சாயங்காலமே கொம்பையா ஒரு குட்டியானை வண்டி பிடித்து எந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். கூடத்து நடுவே இறக்கி வைத்தார். ஆவுடைத்தங்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

விடிந்ததும் அவளைத் தூக்கி வந்து எந்திரத்துக்கு எதிரே பாயில் உட்கார வைத்தார். முதுகுக்குத் தலையணை கொடுத்தார். கயிற்று நுனிகளை அவள் கையில் வைத்தார்.

“என்னது இது?”

“இழு.”

“எனக்குத் தெரியாது.”

“கல்யாணம் ஆன நாள்லேருந்து தயிர் கடையுறவ. இதைச் சொல்லிக் குடுக்கணுமாக்கும்?”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு, என்னமோ ஒரு கோபத்தில், வெடுக்கென்று இழுத்தாள். கட்டை சுழன்றது. மறுகையால் இழுத்தாள். கொம்பையா பதற்றத்தில் உளியைத் தப்பாக வைத்தார். அது துள்ளிப் போய் அரிசிப் பானையில் இடித்தது.

“அறிவிருக்கா உங்களுக்கு? அங்கிட்டுச் சுத்தும்போதா உளியை வைக்கது? கண்ணுல பட்டா என்ன ஆகும்? கிறுக்கு மனுஷா!”

கொம்பையாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கால் போன பிறகு அவள் அவரைத் திட்டவே இல்லை.

“எதுக்கு முழிச்சுக்கிட்டு நிக்கீங்க? உளியை எடுங்க. நான் இழுக்கேன்.”

அவர் எடுத்தார். அவள் இழுத்தாள். சுருள் சுருளாக மரம் அவள் மடியில் வந்து விழுந்தது.

வெயில் முற்றத்தில் இறங்கிய நேரத்துக்கு, தம்பி சுடலைமணி வேனோடு வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன் பாதியிலேயே நின்றுவிட்டான். கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அக்கா, கிளம்பலாமா? டிரைவர் காத்துக்கிட்டு இருக்கான்.”

ஆவுடைத்தங்கம் கயிற்றை விடவில்லை.

“அவனை அனுப்பிருடா. மரம் பாதியில கிடக்கு.”